நெய் உருண்டையும் குற்ற உணர்ச்சியும்: பத்தியம் முறிந்த மறுநாள் என்ன செய்வது?

தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம். தாமானில் ஒரு வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. அழைப்பின் பேரில் போன அக்காவுக்கு 54 வயது. இனிப்பு நீர் இருப்பது தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. மூன்று மாதமாகச் சோற்றைக் குறைத்து, தேத்தண்ணியில் சீனியை நிறுத்தி, மாலையில் திடலைச் சுற்றி நடந்து, நான்கு கிலோ இறக்கியிருந்தார்.

"ஒன்னே ஒன்னு எடுத்துக்கங்கக்கா, நானே வறுத்து அரைச்ச மாவு" என்று வீட்டுக்காரப் பெண் நெய் உருண்டைத் தட்டை நீட்டினார். முகத்துக்கு நேரே மறுக்க மனம் வரவில்லை. ஓர் உருண்டை வாய்க்குள் போனது. அதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. "இன்னிக்குக் கெட்டது கெட்டுப்போச்சு, நாளையிலேர்ந்து பார்த்துக்கலாம்" என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. பிறகு அச்சு முறுக்கு, நெய்ச்சோறு, ஆட்டிறைச்சிப் பெரட்டல், ஒரு கிளாஸ் சிரப் பண்டோங். இரவு வீட்டுக்கு வந்த பிறகும், எல்லாரும் தூங்கிய நேரத்தில், விளக்கைக்கூடப் போடாமல் நின்றுகொண்டே பலகார டின்னைத் திறந்து சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் எடைக் கருவி ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டியது. அழுகை வந்தது. தண்டனையாகப் பசியாறவில்லை, மதியமும் சாப்பிடவில்லை. மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார். பிற்பகல் மூன்று மணிக்குக் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. அடுத்த வாரம் கிளினிக்கில் இரத்தம் எடுக்கும் தேதி. "மிஸ்ஸி திட்டுவாங்க, இன்னும் ரெண்டு வாரம் வாயைக் கட்டிட்டுப் போகலாம்" என்று போகாமல் விட்டுவிட்டார். இரண்டு வாரம் இரண்டு மாதமானது.

இந்த அக்கா தனி ஒருவர் அல்லர். பெயரையும் ஊரையும் மாற்றினால் எந்தத் தாமானிலும், இன்னும் மிச்சமிருக்கும் எந்தத் தோட்டத்து லயத்திலும் இப்படி ஒருவரைக் காணலாம். ஆண்களில் இது வேறு மாதிரி வெளிப்படும். ஒட்டுக்கடையில் நண்பர்களோடு உட்கார்ந்து, "டாக்டர் சொன்னதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று சிரித்தபடியே இரண்டாவது தே தாரிக் வரவழைப்பார்கள். சிரிப்புக்குப் பின்னால் இருப்பதும் பெரும்பாலும் அதே குற்ற உணர்ச்சிதான்.

மேலே சொன்ன நிகழ்வுகளைத் தீமையின் அளவைக் கொண்டு வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். அந்த முதல் நெய் உருண்டைதான் எல்லாவற்றிலும் குறைவான கெடுதல் செய்தது. அதற்குப் பின் "கெட்டது கெட்டுப்போச்சு" என்று சாப்பிட்டது அதைவிட மோசம். மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தது ஆபத்து. கிளினிக் தேதியைத் தவறவிட்டது எல்லாவற்றையும்விடப் பெரிய நட்டம். அந்த நட்டத்துக்குக் காரணம் இனிப்பு அல்ல, இனிப்பைச் சாப்பிட்டதற்கான குற்ற உணர்ச்சி.

நம் சமூகத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல. 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானதற்கு இனிப்பு நீர்தான் காரணம். ஆகவே, ஒரு நாள் சறுக்கலுக்குப் பிறகு ஒருவர் மறுநாள் பாதைக்குத் திரும்புகிறாரா, அல்லது மூன்று மாதம் காணாமல் போகிறாரா என்பதில் நிறைய அடங்கியிருக்கிறது.

"கெட்டது கெட்டுப்போச்சு" என்ற குரல்

அந்த அக்காவின் மனத்தில் ஒலித்த குரலை ஆய்வாளர்கள் ஐம்பது ஆண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். 1975இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் கல்லூரி மாணவிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வைத்து, ருசி பார்த்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம். சாப்பாட்டில் கட்டுப்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாத மாணவிகள், மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்துவிட்டதல்லவா, அது இயல்பு. ஆனால் எப்போதும் எடையை நினைத்து வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நேர்மாறாக நடந்தார்கள். மில்க்‌ஷேக் குடித்த பிறகு அவர்கள் ஐஸ்கிரீமை இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு உடைந்துவிட்டது, இனி என்ன போச்சு என்ற கணக்கு.

ஹெர்மனும் ஜேனட் போலிவி என்ற ஆய்வாளரும் கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 2010இல் வெளிவந்த ஒரு சோதனையில் எல்லாருக்கும் ஒரே அளவு பீட்சா துண்டுதான் கொடுக்கப்பட்டது. ஆனால் சிலருக்கு மட்டும் தங்கள் துண்டு மற்றவர்களுடையதைவிடப் பெரியது என்று தோன்றும்படி செய்தார்கள். அப்படி நம்பிய உணவுக் கட்டுப்பாட்டுக்காரர்கள் அதற்குப் பின் வைத்த பிஸ்கட்டைக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். வயிற்றுக்குள் போனது எல்லாருக்கும் ஒன்றே. "அளவு மீறிவிட்டேன்" என்ற எண்ணம்தான் வேறு. ஆக, அடுத்த கவளத்தை எடுக்க வைப்பது பெரும்பாலும் பசி அல்ல, மனம் போடும் கணக்கு.

இந்தச் சோதனைகள் ஆய்வுக்கூடத்தில் நடந்தவை, அதுவும் பெரும்பாலும் இளம் மாணவிகளை வைத்து. பினாங்கிலோ கிள்ளானிலோ ஒரு திருமண விருந்தில் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. என்றாலும் அந்தக் குரலைக் கேட்டறியாதவர் யார்?

விரதம் வேறு, உணவுத் திட்டம் வேறு

நம்மவர்களிடம் இந்தக் குரல் கொஞ்சம் உரக்கவே கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. வாயைக் கட்டுவது என்றாலே நமக்குப் பழக்கமான இரண்டு முறைகள் விரதமும் பத்தியமும்தான். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருப்பவர் 30ஆவது நாளில் கோழிக்கறியைத் தொட்டால் விரதம் முறிந்தது. அங்கே பாதி விரதம் என்று ஒன்றில்லை. நாட்டு மருந்து சாப்பிடும்போதும் அப்படித்தான், "பத்தியம் முறிஞ்சா மருந்து வேலை செய்யாது" என்று பாட்டி சொல்லி வைத்திருக்கிறார்.

இந்த அளவுகோலைத்தான் நாம் டாக்டர் கொடுத்த உணவுத் திட்டத்துக்கும் வைக்கிறோம். பேச்சிலேயே அது தெரியும். "ஒரு மாசம் சுத்தமா இருந்தேன், நேத்து கெடுத்துட்டேன்" என்போம். சுத்தம், கெடுதல் எல்லாம் கோயில் வாசலுக்குரிய சொற்கள். உணவுத் திட்டம் நேர்த்திக்கடன் அல்ல. வீட்டுக் கடனுக்கு மாதாமாதம் கட்டுவது போன்றது என்று வைத்துக்கொண்டால் அதிகம் தவறில்லை. ஒரு மாதம் தாமதமானால் யாரும் வீட்டை வங்கியிடம் ஒப்படைத்துவிட்டு வந்துவிடுவதில்லை. அடுத்த மாதம் கட்டுகிறோம். இதுவரை கட்டியதும் வீணாகிப் போவதில்லை.

உடம்பு போடும் கணக்கு

மறுநாள் எடைக் கருவி காட்டிய அந்த ஒன்றரைக் கிலோவைப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர, தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒன்றரைக் கிலோவுக்கு 11,500 கலோரிக்கு மேல். ஒரு ரொட்டி சானாயில் ஏறத்தாழ 300 கலோரி. அப்படியானால் வழக்கமான மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மேல் அந்த அக்கா 38 ரொட்டி சானாய் சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தத் திறந்த இல்லத்திலும் அது நடக்காது.

பிறகு எங்கிருந்து வந்தது எடை? பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் ஒட்டிக்கொள்ளும். பெரட்டலிலும் முறுக்கிலும் உள்ள உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். வயிற்றிலும் குடலிலும் செரிக்காமல் இருக்கும் உணவுக்கும் எடை உண்டு. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் இரண்டு மூன்று நாளில் இதில் பெரும்பகுதி தானாக இறங்கிவிடும். விருந்துக்கு மறுநாள் காலையில் எடைக் கருவியில் ஏறி நிற்பது, மழை பெய்துகொண்டிருக்கும்போது துணி காய்ந்ததா என்று தொட்டுப் பார்ப்பது மாதிரி.

மூன்று மாதச் சர்க்கரை என்று கிளினிக்கில் பார்க்கும் எச்பிஏ1சி சோதனையும் ஒரு நாள் சறுக்கலைப் பெரிதுபடுத்துவதில்லை. சிவப்பு இரத்த அணுக்கள் சுமார் 120 நாள் வாழும். அத்தனை நாளும் அவற்றில் படிந்த சர்க்கரையைத்தான் அந்தச் சோதனை அளக்கிறது. ஒரு நாள் என்பது அதில் சிறு துளி. ஆனால் கடைசி ஒரு மாதத்துக்கு அதில் எடை அதிகம். இங்கேதான் நம் ஊர் நிலைமையை மறைக்காமல் சொல்ல வேண்டும். மலேசியாவில் தீபாவளி ஒரு நாளோடு முடிவதில்லை. திறந்த இல்லம், அலுவலக விருந்து, கட்சிக் கிளை விருந்து, ஆலய விருந்து என்று வார இறுதிகள் ஒரு மாதத்துக்கு மேல் ஓடும். ஒரு நாள் விருந்தை மன்னிக்கும் இரத்தம் ஒரு மாத விருந்தைக் கணக்கில் எழுதிக்கொள்ளும். "ஒரு நாளைக்கு ஒன்னும் ஆகாது" என்பது உண்மை. அதே வார்த்தையை ஆறு வீட்டில் சொன்னால் அது உண்மையில்லை.

பட்டினி என்ற தண்டனை

குற்ற உணர்ச்சி நம்மைச் செய்ய வைக்கும் காரியங்களிலேயே கவனமாக இருக்க வேண்டியது இது. நேற்றுச் சாப்பிட்டதை ஈடுகட்ட இன்று பட்டினி என்பது, மருந்து எதுவும் எடுக்காதவருக்கு மாலையில் மீண்டும் அகோரப் பசியைக் கொண்டுவரும், அவ்வளவுதான். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும், கிளிகிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது வேறு. அந்த மாத்திரைகள் கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பவை. சாப்பாடு உள்ளே வராவிட்டாலும் அவை தங்கள் வேலையைச் செய்யும். இரத்தச் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைசுற்றல், பேச்சுக் குழறல் வரும். இன்னும் இறங்கினால் மயக்கம். மோட்டார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் தான் எடுப்பது எந்த மாத்திரை என்று தெரியாதவர்கள் நம்மில் நிறைய. மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துப்போய் மருந்தகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

நடுக்கம் வந்துவிட்டால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அரை கிளாஸ் பழச்சாறும் ஆகும். கால் மணி நேரம் கழித்தும் சரியாகவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. தெளிந்த பிறகு உணவு. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 999ஐ அழைக்க வேண்டும். இந்த நேரத்தில் சீனி சாப்பிடுவது மருந்து. "ஐயோ, மறுபடியும் இனிப்பா" என்று தயங்கியே நிலைமையை மோசமாக்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு பழக்கமும் உண்டு. விருந்துக்குப் போகும் முன் "இன்னிக்கு ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டா சரியாயிடும்" என்று தாங்களே அளவைக் கூட்டுவது. அளவைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டியது டாக்டர்தான்.

இரண்டு பக்கமும் பேசும் நாக்கு

சாப்பாட்டுக் குற்ற உணர்ச்சி ஒருவரின் மனத்துக்குள் மட்டும் விளைவதல்ல. அதைச் சுற்றியுள்ளவர்களும் சேர்ந்து நட்டு வளர்க்கிறார்கள். விருந்து வீட்டில் "ஒரு நாளைக்கு ஒன்னும் ஆகாது, சாப்பிடுங்க மாமி" என்று இலையில் வைப்பவர்களே, மாமி இரண்டாம் முறை கேசரி எடுத்தால், "இனிப்பு நீரை வச்சுக்கிட்டு எப்படிச் சாப்பிடுறாங்க பாரு" என்று பேசுவார்கள். சாப்பிடாவிட்டால் கர்வம், சாப்பிட்டால் கட்டுப்பாடு இல்லாதவர். பிள்ளைகளும் பாசத்தில்தான் சொல்கிறார்கள், "ம்மா, மறுபடியும் தின்னுட்டீங்களா? கால் போனா யாரு பார்க்கிறது?" என்று. பாசம்தான். ஆனால் அப்படிக் கேட்கப்பட்ட அம்மா அடுத்த முறை சாப்பிடாமல் இருப்பதில்லை. பிள்ளைகள் பார்க்காத நேரமாகச் சாப்பிடுகிறார். இருட்டில் நின்றுகொண்டே பலகார டின்னைத் திறக்கும் பழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. ஒளித்துச் சாப்பிடும் சாப்பாட்டுக்கு அளவு கிடையாது, ருசியும் கிடையாது.

அம்மாக்களுக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் அவர்தான். மிச்சமான சோறு, பிள்ளை பாதியில் வைத்த ரொட்டி, ஆறிப்போன மீ கோரெங். "வீணாக்கக் கூடாது" என்று வாயில் போட்டுக்கொண்டு, பிறகு "நான்தான் கட்டுப்பாடு இல்லாதவள்" என்று நொந்துகொள்கிறார். தோட்டத்தில் வறுமையைப் பார்த்து வளர்ந்தவருக்கு உணவைக் கொட்டுவது பாவமாகத் தெரிவதில் வியப்பில்லை. அதிகாலையில் பால்மரம் வெட்டப் போய், வாளி சுமந்து, மேடு பள்ளம் ஏறி இறங்கிய காலத்தில் சீனி போட்ட தேத்தண்ணியும் ரொட்டியும் வியர்வையில் கரைந்தன. அதே சாப்பாட்டோடு இன்று பாதுகாவலர் வேலையில் 12 மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கிறது. மாறியது வேலை, குணம் கெட்டுப்போய்விடவில்லை.

தட்டிக்கொடுத்தால் கெட்டுப்போவார்களா?

"குற்ற உணர்ச்சி இருந்தால்தானே மனுஷன் திருந்துவான்?" என்பது நியாயமான கேள்வி. ஓரளவு உண்மையும்கூட. "நேற்று அளவு மீறிவிட்டேன், சரியில்லை" என்ற உறுத்தல் மறுநாள் காலையில் ஒருவரை நடக்க வைத்தால் நல்லதுதான். அந்த உறுத்தல் "நான் உருப்படாதவன்" என்று மாறும்போதுதான் தொல்லை. முதலாவது செய்த காரியத்தைப் பற்றியது, அதைச் சரிசெய்ய முடியும். இரண்டாவது ஆளைப் பற்றியது. அதற்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது, ஆகவே மறைந்துகொள்கிறார்கள்.

2007இல் கிளாரி ஆடம்ஸ், மார்க் லியரி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இதைச் சோதித்துப் பார்த்தது. மாணவிகளுக்கு முதலில் ஒரு டோனட் சாப்பிடக் கொடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும், எல்லாரும் எப்போதாவது இப்படிச் சாப்பிடத்தான் செய்கிறார்கள், உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம் என்று கனிவாகச் சொன்னார்கள். பிறகு மிட்டாய்களை வைத்து ருசி பார்க்கச் சொன்னார்கள். தட்டிக்கொடுத்தால் அதிகம் சாப்பிடுவார்கள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. எப்போதும் வாயைக் கட்டும் பழக்கமுள்ள பெண்களில், அந்தக் கனிவான பேச்சைக் கேட்டவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள். கேட்காதவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள். 2014இல் நியூசிலாந்தில் வந்த ஓர் ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. சாக்லெட் கேக் என்றதும் "குற்றம்" என்று நினைத்தவர்கள், "கொண்டாட்டம்" என்று நினைத்தவர்களைவிட ஆரோக்கியமாகச் சாப்பிடவில்லை. எடை குறைக்க விரும்பியவர்களில் குற்றமாக நினைத்தவர்கள்தான் குறைவாக வெற்றி பெற்றார்கள்.

பேரப்பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்தால் பாட்டி என்ன சொல்கிறார்? "ஒன்னுமில்லடா, எழுந்திரு, தூசியைத் தட்டிட்டு ஓட்டு" என்கிறார். அதே பாட்டி ஒரு குலாப் ஜாமுன் சாப்பிட்டதற்குத் தன்னிடம் பேசும் பேச்சை வேறு யாராவது அவரிடம் பேசினால் வீட்டில் சண்டைதான் வரும்.

மறுநாளுக்கு முன், அடுத்த வேளை

"நாளையிலிருந்து", "திங்கட்கிழமையிலிருந்து", "தைப்பூசம் முடிஞ்சதும்" என்பவையெல்லாம் இன்னும் கொஞ்சம் சாப்பிட்டுக்கொள்ள நாமே போட்டுக்கொள்ளும் அனுமதிச் சீட்டுகள். திரும்புவதற்கு உகந்த நேரம் அடுத்த வேளைச் சாப்பாடு. மதியம் விருந்தில் அளவு மீறியிருந்தால், இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்காமல் வழக்கமானதைச் சாப்பிடுவது. சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செபாரோ" தட்டு இதற்கு எளிய வழி: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி அல்லது பருப்பு, பாதி காய்கறியும் பழமும். சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஏறிய சர்க்கரையைத் தசைகள் இழுத்துக்கொள்ளும். இதைத் தண்டனையாக ஒரு மணி நேரம் ஓட வேண்டியதில்லை. அப்படி ஓடியவர்கள் மறுநாள் நடக்கவும் வருவதில்லை.

வீட்டில் குளுகோமீட்டர் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். எண் அதிகமாக இருந்தால் அது ஒரு தகவல், அவ்வளவே. அதை நோட்டில் எழுதி வைப்பதில் பயன் உண்டு. கூடவே இன்னும் சில விவரங்களையும் எழுதினால் பயன் இரட்டிப்பாகும்: எத்தனை மணிக்கு, அதற்கு முன் கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, யாரோடு இருந்தார், மனம் எப்படி இருந்தது. நாலைந்து முறை எழுதினால் ஒரு பாதை தெரிய ஆரம்பிக்கும். சிலருக்குப் பசியாறாமல் வேலைக்குப் போன நாள்களில்தான் மாலையில் கட்டு உடைகிறது. சிலருக்கு இரவு வேலை முடிந்து திரும்பும் வழியில் மாமாக் கடை ஒன்றுதான் திறந்திருக்கிறது. சிலருக்குக் கணவரோடு சண்டை போட்ட நாள்கள். காரணம் "எனக்கு மன உறுதி இல்லை" என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. காரணம் "காலையில் சாப்பிடவில்லை" என்றால் நாளைக்கே இரண்டு இட்லி சாப்பிட்டுச் சரிசெய்யலாம்.

உபசரிப்பை மறுப்பது நம்மவர்களுக்குக் கடினம். ஆனால் "வேண்டாம்" என்று சொல்லாமலேயே மறுக்கவும் வழி உண்டு. "வயிறு நிறைஞ்சிருச்சும்மா, ரெண்டு உருண்டை தாபாவ் பண்ணிக் கொடு, வீட்ல இருக்கவங்களுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றால் வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சிதான். (அந்தப் பொட்டலம் இரவு பன்னிரண்டு மணிக்குத் திறக்கப்படாமல் இருக்க, வழியிலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவது உத்தமம்.) தே தாரிக்குக்குப் பதில் "தே ஓ கோசோங்" கேட்பது கடைக்காரருக்குப் புதிதல்ல. பிடித்த ஒரு பலகாரத்தை உட்கார்ந்து, வெளிச்சத்தில், நாலு பேர் முன்னால் ருசித்துச் சாப்பிடுவது, பிடிக்காத ஐந்தை நாகரிகத்துக்காகத் தின்பதைவிட மேல்.

மிஸ்ஸியிடம் என்ன சொல்வது?

கிளினிக்கில் திட்டு விழும் என்ற பயம் கற்பனை அல்ல. காலையிலிருந்து நூறு பேரைப் பார்த்த களைப்பில் சில வேளைகளில் வார்த்தை தடிக்கத்தான் செய்கிறது. அதற்காக உண்மையை மறைப்பதும், தேதிக்கு முன் இரண்டு வாரம் மட்டும் பட்டினி கிடந்து போவதும் நோயாளிக்கே திரும்பி வரும். வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாக இருந்து, எச்பிஏ1சி மட்டும் உயர்ந்திருந்தால் டாக்டருக்குக் குழப்பம். விருந்து மாதத்தைப் பற்றிச் சொல்லாமல் "எல்லாம் சரியாத்தான் சாப்பிடுறேன்" என்றால், மருந்து போதவில்லை என்று கருதி அளவைக் கூட்டக்கூடும். பிறகு அவர் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும். "போன மாசம் நாலு திறந்த இல்லம் போனேன், அளவு மீறிட்டேன், இப்ப ரெண்டு வாரமா சரியா இருக்கேன்" என்ற ஒரு வாக்கியம் டாக்டர் சரியான முடிவெடுக்கப் போதும். உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று நோயாளியே கேட்கலாம். சோறும் தோசையும் சாப்பிடுகிறவர் என்று சொன்னால், அதற்கேற்ற திட்டம் போட்டுத் தருவார்கள். எல்லாரும் ஓட்ஸ் சாப்பிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எப்போதாவது விருந்தில் அளவு மீறுவது வேறு. வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதத்துக்கு மேலாக, நிறுத்த முடியாமல், ஒளிந்து, வயிறு வலிக்கும் வரை சாப்பிட்டுவிட்டுப் பிறகு தன்னையே வெறுப்பது வேறு. அது சிகிச்சை உள்ள ஒரு நோய். 2013 முதல் மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, பேதி மருந்து குடிப்பது ஆகியவையும் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. நம் வீடுகளில் இதைத் "தின்னிப் பண்டாரம்" என்று கேலி செய்து முடித்துவிடுவார்கள். கிளினிக்கில் டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் 15555 என்ற தொலைபேசிச் சேவையிலும் மனச்சுமையைப் பேசலாம்.

அந்த அக்காவைப் போல் தேதியைத் தவறவிட்டவர்கள் அடுத்த தீபாவளி வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிளினிக்குக்கு ஒரு போன் போட்டால், அல்லது பழைய அட்டையோடு முகப்பில் போய்க் கேட்டால், புதுத் தேதி கொடுப்பார்கள். போகும்போது மிச்சமிருக்கும் மாத்திரைகளையும், எழுதி வைத்த நோட்டையும் எடுத்துப்போக வேண்டும். இரத்தம் எடுப்பதற்கு வெறும் வயிற்றோடு வரவேண்டுமா, அன்று காலை மாத்திரை போடலாமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. இரத்தம் எடுத்ததும் சாப்பிட, பையில் இரண்டு இட்லியோ தோசையோ கட்டி எடுத்துப் போகலாம். கிளினிக் கேண்டீனில் அந்த நேரத்துக்கு நாசி லெமாக்தான் இருக்கும்.